ஏழாவது பாட்டில் என் குரல்

"அக்கா, அந்தப் பாட்டுல பேசுறது நீங்கதானே?"

கேட்டவள், காலையில் பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தையை விட வந்த ஓர் இளம் தாய். றப்பர் மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடத்துக்கு எங்கள் தோட்டத்தில் அதுதான் பெயர். நான் அங்கே எட்டு வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பாட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடுப்படியில் தனியாக இருக்கும்போதுகூட முணுமுணுக்காத ஆள் நான்.

"யாராச்சும் வேற ஆளா இருக்கும்" என்றேன்.

அவள் விடவில்லை. பிள்ளையை என் இடுப்பில் ஏற்றிவிட்டுத் தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். முதலில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல்: "சாப்டியா? தலைக்கு எண்ணெ வச்சியா? அத்தை சொல்றதக் கேளு." நான்தான். கொஞ்சம் இளமையான, மூக்கடைத்த நான். அதன்பின் டிரம் அடி விழுந்தது. "சாப்டியா" என்ற சொல்லை யாரோ பிடித்து உலுக்கியதுபோல் "சா, சா, சாப்டியா, சாப்டியா" என்று அது தாளத்தோடு ஓட ஆரம்பித்தது. காம்பராவில் நின்றிருந்த இரண்டு வயதுக்காரன் ஒருவன் முழங்காலை மடக்கி மடக்கி ஆடினான்.

வேறு யாருக்கும் கேட்டதோ என்று வாசலைப் பார்த்தேன்.

"ஒங்க மக பாடினதாமே" என்றாள் அவள். "நல்லா இருக்குக்கா. ஆனா என்னான்னுதான் வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை.

என் மகளுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். நான்கு வருடம் இருந்தேன். அங்கே ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மத்தியானம் அவர் கண்ணயரும் நேரத்தில், துணி துவைக்கிற அறையில் நின்று போனில் மகளுக்குப் பேசி அனுப்புவேன். நூறு வார்த்தை, இருநூறு வார்த்தை. எல்லாம் சோறு, எண்ணெய், பாடம், அப்பாவின் இருமல். அவ்வளவையும் அவள் அழிக்காமல் கண்ணாடி வெடித்த பழைய போன் ஒன்றில் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

இப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கேகாலையில் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், விளம்பரங்களைக் குரலில் பதிவுசெய்து கொடுக்கிற சின்ன ஸ்டூடியோ. துணி மலிவு விற்பனை, இரத்ததான முகாம், மரண அறிவித்தல், எது வந்தாலும் தமிழிலும் சிங்களத்திலும் அவள் பேசுவாள். பிளாஸ்டிக் கதிரை விற்கிற லொறி எங்கள் தோட்டத்துப் பாதையில் போனால், லயம் என்கிற வரிசை வீடுகளின் பிள்ளைகள் ஓடிவந்து "ஒங்க மக போறா" என்று எனக்குச் சொல்வார்கள். குரலை வெட்டவும் ஒட்டவும் அந்த வேலையில்தான் பழகியிருக்கிறாள்.

அவளுக்கு உடனே போன் எடுக்கவில்லை. எடுத்து என்ன கேட்பது? "என் குரலை ஏன் எடுத்தாய்" என்று கேட்டால் அது சண்டை. "நல்லா இருக்கு" என்று சொன்னால் அது பொய். நான்கு நாள் அப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். கையில் தேங்காய் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். சொல்லாமல் செய்ததற்கு மன்னிப்பு மாதிரி ஒரு சிரிப்பு.

"ஒங்களுக்கு யாரோ போட்டுக் காட்டிட்டாங்களாம். நான் முன்னாலயே சொல்லலாம்னுதான் இருந்தேம்மா. பயமா இருந்துச்சு."

"என்னா பாட்டு அது?"

"சோல் மியூசிக். அதுல கொஞ்சம் ஹிப்-ஹாப், கொஞ்சம் ஜாஸ். எல்லாத்தையும் கலந்து எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணிப் பாத்தோம்."

றப்பர்ப் பால் வெட்டுகிற கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். "சோல் செருப்புக்குத்தானே?"

"அது இல்லப்பா. ஆன்மா. ஆன்மாவுல இருந்து வர்ற பாட்டு."

"அப்ப பஜனையா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மொத்தம் ஒன்பது பாட்டு. தொகுப்புக்கு 'ஒட்டுப்பால்' என்று பெயர் வைத்திருந்தாள். றப்பர் மரத்தில் சிரட்டையில் வடிந்த பாலை எடுத்தபிறகு, பட்டையிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்த்துச் சேர்ப்பார்கள், அதுதான் ஒட்டுப்பால். "நல்ல பால் இருக்கறப்ப அந்தப் பேர யாராச்சும் வைப்பாங்களா?" என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

முதல் பாட்டு தொடங்கியதுமே ஸ்பீக்கரில் பழுது என்று நினைத்தேன். டிரம் சரியான இடத்தில் விழாமல் ஒரு இம்மி பிந்திப் பிந்தி விழுந்தது. "பழுதில்லம்மா, வேணும்னுதான் அப்பிடி" என்றாள். பியானோ ஒரு வாசிப்பைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வேறெங்கேயோ போயிற்று. அவளும் பாடினாள். அவளுக்கு நல்ல குரல் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தேவாரத்துக்குப் பரிசு வாங்கியவள். இங்கே அந்தக் குரலைத் திறந்து பாடவே மாட்டேன் என்கிறாள். வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, வார்த்தையின் வாலை விழுங்கி விழுங்கிப் பாடுகிறாள். இரண்டாவது பாட்டில் ஓர் ஆண் குரல் சிங்களத்தில் மளமளவென்று பேசியது. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த வேகத்தில் மூன்று சொல்தான் பிடிபட்டன: மழை, பஸ், அம்மா.

"இது யாரு?"

"எங்க சாக்ஸபோன்காரர்தான். பேசுறதும் அவரு, ஊதுறதும் அவரு. மேட்ச் நேரத்துல பப்பரே பேண்ட்ல ஊதுவாரு."

பள்ளிக்கூடக் கிரிக்கெட் போட்டிகளில் மைதானத்தைச் சுற்றி ஊதிக்கொண்டு போகிற பேண்ட்டை எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் செத்தவனும் எழுந்து ஆடுவான். அதை ஊதுகிற ஆள் இதில் அழுகிறவன் மாதிரி ஊதியிருந்தான்.

இடைக்கிடை என் குரல் வந்தது. ஒரு பாட்டில் "கொடைய மறந்துராத." இன்னொன்றில் நான் இருமினேன். இருமலுக்குக்கூட தாளம் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்ததா, கூச்சமா, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏழாவது பாட்டு வந்தது. டிரம் இல்லை. பியானோ மட்டும், ஒரே இரண்டு கட்டை. அதன்மேல் என் குரல்: "நான் வர மாட்டேன்." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திரும்பவும் "நான் வர மாட்டேன்." அவள் அதற்குப் பின்னால் வார்த்தை இல்லாமல் 'ம்ம்' என்று இழுத்துப் பாடினாள்.

"நிப்பாட்டு" என்றேன்.

நிறுத்தினாள்.

"இத நான் சொல்லல."

"நீங்க சொன்னதுதாம்மா."

"வர மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? வர முடியாதுன்னுதான் சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

அவள் ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "'நான் வர'ங்கறது அந்த மெசேஜ்ல இருந்து எடுத்தது. 'மாட்டேன்' வேற ஒண்ணுல. 'இனிமே ஒன்ன ஏச மாட்டேன்'னு ஒரு நாள் சொன்னீங்க. அதுல இருந்து வெட்டினேன்."

"அப்ப பொய்தானே?"

"எனக்கு அப்பிடித்தாம்மா கேட்டுச்சு."

எந்த மெசேஜ் என்று மூன்று பேருக்கும் தெரியும். நான் போய் இரண்டு வருடம் முடிகிற நேரத்தில் அவள் பெரிய மனுஷியானாள். என்னுடைய ஒப்பந்தமும் அப்போதுதான் முடிந்தது. அம்மா வந்தபிறகு சடங்கை வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டுக் காத்திருந்தார்கள். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் துவைக்கிற அறையிலிருந்து நான் பேசி அனுப்பியது அது. பிறகு அவளுடைய அத்தைதான் எல்லாவற்றையும் செய்தாள். சடங்குப் படத்தில் மகள் யாரையும் பார்க்காமல் மாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஊர்ல நாலு பேரு கேட்டா என்னைப் பத்தி என்னா நெனப்பாங்க?" என்று சத்தம் போட்டேன். "பெத்த புள்ளகிட்ட இப்பிடிச் சொன்னவன்னுதானே நெனப்பாங்க?" அவள் ஸ்பீக்கரைப் பையில் போட்டுக்கொண்டு, சமைத்து வைத்திருந்ததைச் சாப்பிடாமல் மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் என் வீட்டுக்காரர் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்தார். படியில் உட்கார்ந்து, காதில் மாட்டுகிற வயரை எடுத்து மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பையன்தான் போட்டுக் கொடுத்தான். ஒன்பது பாட்டையும் விடாமல் கேட்டார். நடுவில் நான் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று. கழற்றும்போது முகத்தில் ஏதோ தேடுகிற மாதிரி ஒரு பார்வை.

"நான் எங்கயுமே இல்லையே" என்றார்.

"என்னாது?"

"இதுல. ஒன் பேச்சு எல்லாத்துலயும் வருது. நான் ஒரு எடத்துலயும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "தலைக்கு எண்ணெ வச்சியான்னு நீ அங்க இருந்து கேட்ட. வச்சு விட்டது நாந்தானே" என்றார்.

குறை சொல்லும் தொனி அல்ல. எண்ணி வைத்த வாளிகளில் ஒன்று குறைந்தால் சுற்றுமுற்றும் பார்ப்போமே, அப்படி. நான் தேத்தண்ணியைத் திரும்பச் சூடாக்கினேன். நேற்றுவரை அந்தப் பாட்டுகளால் பாதிக்கப்பட்டவள் நான் ஒருத்தி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை மகளிடம் போனில் சொன்னேன். அடுத்த போயா நாளில், பௌர்ணமி விடுமுறைக்கு, வந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த சண்டையைத் தொடாமல், நேரே அப்பாவைக் கதிரையில் உட்காரவைத்து முன்னால் பதிவுசெய்கிற கருவியை வைத்தாள். அவர் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னா சொல்லணும்?"

"எது வேணும்னாலும் சொல்லுங்கப்பா."

அவர் தொண்டையைச் செருமினார். சேவல் ஒன்று கூவியது. அவர் சேவலை முறைத்தார். பிறகு இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கருவியில் எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்தார். கடைசியில், "பேட்டரி எறங்கிருமே, நிப்பாட்டு" என்றார்.

மகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அது சிரிப்போடு நிற்கவில்லை. அடுப்படிக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க தூரத்துல இருந்ததால பேசினீங்க. அப்பா கிட்டயே இருந்தாரு, பேசவே இல்ல. செஞ்சாரு. செஞ்சத எப்பிடிம்மா ரெக்கார்ட் பண்றது?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் அந்த ஏழாவது பாட்டு என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மகளிடம் நேரே கேட்டால் மறுபடி சண்டையாகும். அதனால் அவள் ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு அறிவிப்புச் செய்ய மாவனல்லைக்குப் போகிற நாளைத் தெரிந்துகொண்டு கேகாலைக்குப் பஸ் ஏறினேன். அந்த சாக்ஸபோன்காரரிடம் சொல்லி எடுத்துவிடச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

ஸ்டூடியோ என்று பேர்தான். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு அறை. தாடி வைத்த, மெலிந்த மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து "எண்ட அம்மே, வாங்க" என்று இரண்டு மொழியிலும் கூப்பிட்டுத் தன் கதிரையைக் கொடுத்தார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். கம்ப்யூட்டரைத் திறந்து என் குரலைக் காட்டினார். பச்சை நிறத்தில் மயிர்க்கொட்டிப் பூச்சி மாதிரி ஒரு கோடு. "இது 'நான் வர'. இது 'மாட்டேன்'. இந்த இடத்தில்தான் ஒட்டியிருக்கிறாள்." பிறகு சொன்னார்: "அம்மே, இதை வைக்கலாமா வேண்டாமா என்று அவள் மூன்று வாரம் தவித்தாள். அம்மா சொல்லாததைச் சொன்னதாகப் போடுகிறேனே என்று அழுதாள். நீங்கள் ஏசிய அன்றைக்கே வேறு ஒன்று செய்து வைத்திருக்கிறாள். வெட்டு இல்லாமல், நீங்கள் பேசிய முழுப் பேச்சும் இருக்கிறது. அம்மாவுக்குச் சரி என்றால் பழையதை எடுத்துவிட்டு இதைப் போடப்போகிறாளாம். கேட்கிறீர்களா?"

போட்டார்.

"இந்தத் தடவ நான் வர முடியாதுடா கண்ணு. மேடம் விட மாட்டேங்கிறாங்க. டிக்கெட்டும் கெடைக்கலியாம். நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன். அழாத. அத்தை எல்லாம் செய்வாங்க. அடுத்த தடவ கட்டாயம்..." பின்னால் துணி இயந்திரம் சுற்றுகிற சத்தம். அதற்கும் பின்னால், தூரத்தில், அந்த வயதான அம்மா என்னைக் கூப்பிடுகிற சத்தம். நான் அவசரமாக முடிக்கிறேன்.

வெட்டி ஒட்டிய பாட்டுக்குக் கோபப்பட்ட எனக்கு, வெட்டாத பேச்சைக் கேட்கக் காது கூசியது. மேடம், அந்த வீட்டு எஜமானி, என்னைத் தடுக்கவில்லை. டிக்கெட் கிடைத்தது. மேடமே அதை மேசைமேல் ஒரு வெள்ளை உறையில் வைத்து, "உன் மகளுக்கு ஏதாவது வாங்கிக்கொள், கடைக்குக் கூட்டிப்போகிறேன்" என்று சொன்னார். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று சொன்னது நான்தான்.

சம்பளத்துக்காகத் தங்கினேன் என்றால் எல்லோருக்கும் புரியும். அது காரணம் இல்லை. என்ன காரணம் என்று இன்றைக்கும் எனக்கே தெளிவில்லை. அங்கே எனக்கு ஒரு சின்ன அறை இருந்தது. லயத்தில் ஒரே காம்பராவில் ஏழு பேராகப் படுத்து வளர்ந்தவள் நான். கல்யாணம் கட்டியும் நடுவில் ஒரு சேலை மறைப்புத்தான். அந்த அறையை உள்ளேயிருந்து பூட்டலாம். அந்த வயதான அம்மாவும் இருந்தார். சாப்பாடு ஊட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நான் போய்விட்டால் யாரிடம் சாப்பிடுவார் என்று நினைத்தேன். பெரிய மனுஷியாகிவிட்ட ஒரு பெண்ணுக்கு முன்னால் போய் நின்று, நான்தான் உன் அம்மா என்று சொல்லவும் பயமாக இருந்தது. இதில் எது உண்மையான காரணம், எது நான் பிறகு கண்டுபிடித்தது?

"எதையும் மாற்ற வேண்டாம்" என்று சாக்ஸபோன்காரரிடம் சொன்னேன்.

"எடுக்கச் சொல்லித்தானே அம்மே வந்தீர்கள்?" அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டும். முந்தினதே இருக்கட்டும்."

சாயங்காலம் மகள் போன் எடுத்தாள். "பழசே இருக்கட்டும்னீங்களாமே, ஏம்மா?"

"கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆனால் சந்தோஷப்பட்டாள். அடுத்த மாதம் கொழும்பில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆட்கள் முன்னால் பாடப்போவதாகவும் நான் வரவேண்டும் என்றும் சொன்னாள். அவள் அப்பாவையும் கூப்பிட்டோம். "அந்தக் கூட்டத்துல நான் என்னா செய்ய?" என்று சொல்லிவிட்டார்.

இடம் ஒரு பழைய பங்களா. சுவரில் ஓவியங்கள் மாட்டியிருந்தன. எது நேராக மாட்டியது எது தலைகீழ் என்று எனக்குப் பிடிபடவில்லை. அறுபது எழுபது பேர் வந்திருப்பார்கள். எல்லோரும் இளம் ஆட்கள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் பின்வரிசையில் ஒரு கதிரை. இன்னாருடைய அம்மா என்று யாரிடமும் சொல்லாதே என்று மகளிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாட்டுகள் இப்போது எனக்கு ஓரளவு அடையாளம் தெரிந்தன. பிந்தி விழுகிற டிரம்முக்கு மற்றவர்களின் தலை சரியாக ஆடியது. என் தலைதான் முந்திக்கொண்டது. ஏழாவது பாட்டுக்குப் பியானோ தொடங்கியதும் கூட்டம் சத்தமாக ஆரவாரித்தது. என் குரல் ஒரு தடவைதான் வந்தது. மகள் மைக்கிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றாள். கூட்டம் பாடியது. தமிழ் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சேர்ந்து, "நான் வர மாட்டேன், நான் வர மாட்டேன்." சிலர் கையைத் தூக்கிப் பாடினார்கள். சிரித்துக்கொண்டு பாடினார்கள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்ற வாலிபன் ஒருவன் மட்டும் அழுதான்.

என் காலடியில் முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு சிங்களப் பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். தொண்டை கிழியப் பாடினாள். பாட்டு முடிந்ததும் குனிந்து அவளிடம், "அர்த்தம் தெரியுமா மகள்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"தெரியும் ஆன்ட்டி. நான் வர மாட்டேன். எங்கள் ஆபீஸ் பெரியவர் எதற்கெடுத்தாலும் கத்துவார். காலையில் பஸ் வருகிற வரைக்கும் இதைத்தான் மனதுக்குள் பாடுகிறேன்."

"பிறகு?"

"பிறகு பஸ்ஸில் ஏறிவிடுவேன்" என்று சிரித்தாள்.

அவளுக்கு அது தைரியம் கொடுக்கிற பாட்டு. என் மகளுக்கு அது பதின்மூன்று வயதில் பட்ட அடி. எனக்கு அது என்ன? மேடையில் மகள் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் கை தட்டினேனா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரம்புக்கனை ரயில் ஏறினோம். வேயங்கொடை வரை நிற்கத்தான் இடம் இருந்தது. மீரிகமவில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. மகள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று பேசிக்கொண்டே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பாட்டுக்கு மட்டும் மனசுல ஒரு முள்ளும்மா. நீங்க சொல்லாதத சொல்ல வச்சிட்டேன்" என்றாள்.

"அதுல பொய் இல்ல" என்றேன்.

"எதுலம்மா?"

"டிக்கெட் கெடச்சிச்சு. மேடம் வாங்கிக் குடுத்தாங்க. நாந்தான் இருக்கறேன்னு சொன்னேன்."

வடைக்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். திரும்பியும் வந்தார். அவள் இரண்டு தடவையும் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்த டிக்கெட்?"

"ஒன் சடங்குக்கு வர்றதுக்கு."

ரயில் அலவ்வையில் நின்று புறப்பட்டது.

"அப்ப நான் இத்தன நாளும்..." என்று தொடங்கி விட்டுவிட்டாள். பிறகு, "ஒங்க மேல பழி போட்டுட்டேன்னு நான் அழுதேம்மா" என்றாள். அதன்பின், "ஏன்? ஏன் வரல?"

"தெரியலடா."

"தெரியலன்னா என்னா அர்த்தம்?"

"அந்த ரூமுக்கு ஒரு கதவு இருந்துச்சு" என்றேன். அது பதிலே இல்லை. எனக்கும் அது தெரிந்தது. "உள்ள இருந்து பூட்டலாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொல்கஹவெலையில் பாதிப் பெட்டி காலியாயிற்று. ரம்புக்கனையில் இறங்கும்போது என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். பஸ் நிற்கிற இடத்தில் அவளுக்குக் கேகாலைப் பக்கம், எனக்குத் தோட்டத்துப் பக்கம். "போய்ட்டு வாங்கம்மா" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று வீடு வரைக்கும் யோசித்தேன்.

இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. போனில் மட்டும் சாதாரணமாகப் பேசினாள். மூன்றாவது ஞாயிறு வந்து, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்த ரூமுக்கு ஜன்னல் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"என்னா தெரிஞ்சிச்சு?"

"கார் நிப்பாட்டுற எடம். ஒரு பூனை வரும்."

"என்னா நெறம்?"

"மஞ்சளும் வெள்ளையும்."

"ம்" என்றாள். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பாவோடு கடைக்குப் போனாள்.

அவரிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மகளுக்குத் தெரிந்தபிறகு அவருக்குத் தெரியாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. ஒரு விடியற்காலை அவர் வேலைக்குப் புறப்படும்போது, வாசலில் வைத்து, மூன்று வாக்கியத்தில் சொன்னேன். டிக்கெட் இருந்தது, மேடம் தடுக்கவில்லை, நான்தான் வரவில்லை. அவர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். ஏசவில்லை. முகம் மட்டும் கொஞ்ச நேரம் யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சம் வருகிறது, மரம் காத்திருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி நடந்தார்.

அன்று பிள்ளைக் காம்பராவில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பிள்ளையின் பாலைக் கரைத்துக் கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் வந்தார். குளித்தார். நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டார். பலாக்கொட்டைக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"நீ பாத்துக்கிட்ட அந்த வயசான அம்மா" என்றார். "இப்ப உசுரோட இருக்காங்களா?"

"தெரியலங்க" என்றேன்.

"கேட்டுப் பாக்க வழி இருக்கா? அவங்களுக்கு எல்லாம் செஞ்சது நீதானே."

இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன்.